செமினாருக்கு எந்த அருமண் தனிமத்தை எடுக்கலாம்?

கடலூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன், செமினாருக்கு ஓர் அருமண் தனிமம் (rare earth எனப்படும் உலோக வகை) வேண்டும், நியோடிமியத்தை ஏற்கெனவே நிறைய பேர் எடுத்துவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சீரியத்தை எடுங்கள். புதுச்சேரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். என் மாணவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய தாமிரம் அளவுக்கு இருக்கிற தனிமம் இது. உங்கள் லேபிலும் இருக்கும். ஆல்கஹால் சோதனைக்கு ஊற்றுகிறோமே செரிக் அமோனியம் நைட்ரேட், அந்த ஆரஞ்சு உப்பு. அருமண் தனிமங்கள் பெரும்பாலும் மூன்று எலக்ட்ரான்களை இழந்த +3 நிலையிலேயே நின்றுவிடும். சீரியமோ கரைசலிலேயே சுலபமாக +4க்குப் போய்த் திரும்பிவரும். செமினாரின் பெரும்பகுதியை இந்த ஒரு குணத்தை வைத்தே கொண்டுபோகலாம். காரின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் இருக்கும் சீரியம் ஆக்சைடு, புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் வாங்கி வைத்துக்கொள்ளும், குறைந்தால் கொடுக்கும். அப்படிக் கொடுத்த ஆக்சிஜன்தான் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. கூடவே கிடக்கும் மற்ற அருமண்களிலிருந்து சீரியத்தைப் பிரிப்பது எளிதாக இருப்பதும் இதனால்தான். +4க்கு ஏற்றிவிட்டால், மற்றவை கரைந்திருக்கும்போதே இது வீழ்படிவாகிவிடும். கண்ணாடி பாலிஷுக்கும் சீரியம் ஆக்சைடுதான், அதை ஒரு ஸ்லைடில் முடித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்ரோமாக்ஸ் மேன்டில், அதாவது விளக்குக்குள் சூடேறி ஒளிவிடும் வலைப்பை. கடலூர் முதுநகரில் என் பெரியப்பா சாமி ஊர்வலங்களுக்கு இந்த விளக்குகளை வாடகைக்கு விடுவார், அந்த வெள்ளை வெளிச்சத்தில் வளர்ந்தவன் நான். 1891இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் கண்ட கலவை அது: தோரியம் ஆக்சைடு 99 சதவீதம், சீரியம் ஆக்சைடு 1 சதவீதம். தோரியம் ஆக்சைடு மட்டும் இருந்தால் சூடேறும், ஆனால் வெளிச்சம் மங்கல்தான். ஒரு சதவீதம் சீரியம் சேர்ந்ததும் பளீரென்று எரியும். அதிகமாகச் சேர்த்தாலோ மேன்டில் வெப்பத்தைக் கூடுதலாக வெளியே விட்டுக் குளிர்ந்துபோகும், வெளிச்சமும் குறையும். அந்த ஒரு சதவீதம் ஏன் என்பதை வரைபடம் போட்டு விளக்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நியோடிமியத்தை 1885இல் பிரித்தெடுத்தவரும் இதே வெல்ஸ்பாக்தான். லைட்டர் கல்லும் அவருடையதே. அதிலும் சீரியம்தான் முக்கிய உலோகம்.

அப்புறம், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் சீரியமும் தோரியமும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் கனிமம் பற்றிப் பேசும்போது தோரியத்தின் கதிரியக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய மேன்டில் கிடைத்தால் வகுப்பில் உதிர்த்துக் காட்டாதீர்கள், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. படம் போதும்.