ஏழு முறை முதல் சுற்றோடு திரும்பியவர்

கேள்வி: அமெரிக்காவின் NBA கூடைப்பந்தில் சான் அன்டோனியோவின் டிம் டன்கனும் மினசோட்டாவின் கெவின் கார்னெட்டும் ஒரே வருடம் பிறந்தவர்கள். டன்கன் இரண்டாவது சீசனிலேயே கோப்பையைத் தூக்கிவிட்டார். கார்னெட் 1997 முதல் 2003 வரை ஏழு தடவை பிளேஆஃப் (சீசன் முடிவில் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் வெளியேற்றுச் சுற்றுகள்) போய், ஏழு தடவையும் முதல் சுற்றோடு திரும்பினார். பெரிய ஆட்டம் என்றால் பதுங்கிவிடுவார் என்கிறார்கள் என் கல்லூரி அணி நண்பர்கள். பின்னால் பாஸ்டன் அணியில் கிடைத்த கோப்பைகூட சக வீரர்கள் பால் பியர்ஸ், ரே ஆலன் தயவில் வந்ததாம். அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏழு தோல்வி உண்மை. அதில் விவாதமே இல்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டார்கள். எதிரே யார் நின்றார்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1997-ல் ஹூஸ்டன். ஒலாஜுவான், பார்க்லி, டிரெக்ஸ்லர் என்ற மூன்று நட்சத்திரங்களும் ஒரே அணியில் இருந்த வருடம் அது. 82 ஆட்டங்களில் 57 வெற்றி. 1998-ல் 61 வெற்றி பெற்ற சியாட்டில். 1999-ல் சான் அன்டோனியோ, அந்த வருடத்தின் சாம்பியன். 2000-ல் 59 வெற்றியோடு போர்ட்லாண்ட், 2001-ல் 58 வெற்றியோடு மறுபடியும் சான் அன்டோனியோ, 2002-ல் 57 வெற்றியோடு டாலஸ். ஏழாவதாக 2003-ல் லேக்கர்ஸ்: ஷாகில் ஓ'நீல், கோபி பிரயண்ட், தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற அணி. இந்த ஏழு தொடர்களில் மினசோட்டாவுக்குச் சொந்த மைதானச் சாதகம் கிடைத்தது கடைசி ஒன்றில் மட்டும்தான்.

இன்னொன்றும் பாருங்கள். 2002-03 சீசனில் மினசோட்டா 51 ஆட்டங்களில் வென்றது. அணிகள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு; கிழக்கில் முதலிடம் பிடித்த டெட்ராய்ட்டின் கணக்கு 50. அதாவது கிழக்கில் இருந்திருந்தால் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டிய அணி, மேற்கில் இருந்ததால் ஷாக்கையும் கோபியையும் முதல் சுற்றிலேயே சந்தித்தது. அந்தத் தொடரில் கார்னெட்டின் சராசரி 27 புள்ளி, 15.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 5.2 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்). அதற்கு முந்தைய வருடம் டாலஸிடம் 3-0 என்று தோற்றபோதும் சராசரி 24 புள்ளி, 18.7 ரீபவுண்ட். பதுங்குகிறவனுக்கு ஒரு ஆட்டத்தில் 18 ரீபவுண்ட் எங்கிருந்து வரும்? ரீபவுண்ட் என்பது அடிபட்டு, இடித்து, திரும்பத் திரும்பக் குதித்து எடுக்கிற பொருள். கல்லூரி அணியில் ஆடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1989-ல் ஆட வந்த மினசோட்டா அணி, அவர் வருவதற்கு முன் ஒரு சீசனில்கூட 30 வெற்றியைத் தொட்டதில்லை. 1995-ல் சிகாகோவிலிருந்து, கல்லூரிக்கே போகாமல், பள்ளியிலிருந்து நேராக 19 வயதில் வந்தார். இருபது வருடமாக யாரும் அப்படி வந்ததில்லை. இரண்டாவது சீசனிலேயே அந்த அணி முதல்முறையாக பிளேஆஃபைப் பார்த்தது. டன்கன் போன வீட்டில் டேவிட் ராபின்சன் என்ற நட்சத்திரம் ஏற்கெனவே இருந்தார். கிரெக் பாப்பவிச் பயிற்சியாளர். டன்கனைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, அவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இருவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், கூட இருந்தவர்கள். நல்ல ஜோடியாக வந்த ஸ்டெஃபான் மார்பரி, 1999-ல் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டார். டாம் குக்லியோட்டா அதே வருடம் ஃபீனிக்ஸ் போனார். 2000 மே மாதம் கார்னெட்டின் பிறந்தநாள் கொண்டாட்டத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாலிக் சீலி, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் மோதி இறந்துபோனார். நெருங்கிய நண்பர். அதே வருடம் ஜோ ஸ்மித் என்ற வீரரோடு அணி நிர்வாகம் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தம் வெளியே வந்தது. 35 லட்சம் டாலர் அபராதம். டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதில், ஐந்து முதல் சுற்று வாய்ப்புகள் பறிப்பு. அவற்றில் சில பின்னால் திரும்பக் கிடைத்தாலும், இளம் வீரர்களைக் கொண்டுவந்து அணியைக் கட்ட வேண்டிய வருடங்களில் கை வெறுங்கையாக இருந்தது. சான்சி பில்லப்ஸ் இரண்டு சீசன் இங்கே ஆடினார். 2002-ல் அவரை டெட்ராய்ட்டுக்கு விட்டுவிட்டார்கள். 2004 இறுதித் தொடரின் சிறந்த வீரர் அதே பில்லப்ஸ்தான். இதெல்லாம் நிர்வாகத்தின் கணக்கில் எழுத வேண்டியவை. நாம்தான் ஒரு மனிதனின் தலையில் கட்டிவிட்டோம்.

நாம் என்று சொல்வது என்னையும் சேர்த்துத்தான். அந்த நாட்களில் நானும் மறுநாள் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு 'இந்த வருடமும் போச்சு' என்று அவரை ஒதுக்கியவன். ஆட்டங்களை வரிசையாக உட்கார்ந்து பார்த்த பிறகுதான் மனம் மாறியது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 1998-ல் சியாட்டிலை 2-1 என்று முந்தியிருந்த தொடரை இழந்தார்கள். தீர்மானிக்கிற ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஒற்றை இலக்கப் புள்ளியோடு நின்றார். வயது 21தான், குக்லியோட்டாவும் காயத்தில் இருந்தார். ஆனாலும் மோசமான ஆட்டம் மோசமான ஆட்டம்தான். 2000-ல் போர்ட்லாண்டுக்கு எதிராக அவர் எறிந்ததில் 40 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. கடைசி நிமிடத்தில் தானே எறியாமல், காலியாக நிற்கும் சக வீரருக்குப் பந்தைத் தள்ளிவிடும் பழக்கமும் இருந்தது. கூட நிற்கிறவர் திறமைசாலி என்றால் அது சரியான முடிவு. மினசோட்டாவில் பல வருடம் அப்படி ஒருவர் இல்லை.

சம்பளமும் ஒரு காரணம். 1997-ல் ஆறு வருடத்துக்கு 12 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 2003-04ல் அணிக்கான சம்பள உச்சவரம்பே சுமார் 4 கோடியே 40 லட்சம் டாலர்தான். அவர் ஒருவருக்கே 2 கோடியே 80 லட்சம் போனது. மிச்சப் பணத்தில் எத்தனை நல்ல வீரர்களை வாங்க முடியும்? இந்த விமர்சனத்தை ஏற்கிறேன். ஆனால் கொடுத்தது நிர்வாகம், அதையும் மறக்கக் கூடாது. 2003-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஐந்து வருடத்துக்கு 10 கோடி என்று அவரே குறைத்துக்கொண்டார்.

அதே 2003-ல் சாம் கசெல், லட்ரெல் ஸ்ப்ரீவெல் என்று இரண்டு நல்ல வீரர்கள் வந்து சேர்ந்ததும் என்ன நடந்தது? 58 வெற்றி, மேற்கில் முதலிடம், கார்னெட்டுக்கு சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது. முதல் சுற்றில் டென்வரை 4-1 என்று வென்றார்கள். அடுத்து சாக்ரமென்டோவோடு ஏழாவது ஆட்டம் வரை போனது. 2004 மே 19. அன்று அவருடைய 28-வது பிறந்தநாள். 32 புள்ளி, 21 ரீபவுண்ட், 5 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பது). 83-80 என்று மினசோட்டா வென்றது. 'பெரிய ஆட்டம்' என்கிறார்களே உங்கள் நண்பர்கள், அவர்களிடம் அந்த ஒரு ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த சுற்றில் கசெல் இடுப்புக் காயத்தால் சரியாக ஆட முடியாமல் போக, லேக்கர்ஸிடம் 4-2 என்று முடிந்தது.

பாஸ்டன் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. பியர்ஸ் பாஸ்டனில் ஏற்கெனவே இருந்தவர்தான். 2006-07ல் அந்த அணி 24 வெற்றி, 58 தோல்வி. 2007 கோடையில் முதலில் ஆலன் வந்தார். பிறகு ஐந்து வீரர்களையும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்துக் கார்னெட்டை வாங்கினார்கள். அடுத்த சீசனில் 66 வெற்றி, 16 தோல்வி, கோப்பை. இறுதித் தொடரின் சிறந்த வீரர் பியர்ஸ், மறுக்கவில்லை. ஆனால் அந்த பிளேஆஃபில் அணியில் அதிகப் புள்ளி சராசரி, அதிக ரீபவுண்ட் சராசரி இரண்டும் கார்னெட்டுடையவை. அவ்வளவு பெரிய பாஸ்டன் வரலாற்றில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கிய முதல் ஆளும் அவர்தான். இதைத் தயவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டன்கனா, கார்னெட்டா என்று கேட்டால் டன்கன் என்றுதான் சொல்வேன். ஐந்து கோப்பை, எதிரணி இரண்டு பேரை அவர்மேல் அனுப்பினாலும் தடுக்க முடியாத, கூடைக்கு அருகே ஆடும் அந்த உள்பக்க ஆட்டம், இரண்டும் காரணம். அந்த ஏழு முதல் சுற்றுத் தோல்விகள் என் காரணங்களில் இல்லை. கார்னெட் விட்டுப்போன மினசோட்டா மறுபடி பிளேஆஃபுக்கு வந்தது 2018-ல். 2004-க்குப் பிறகு ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது 2024-ல்.