ஒரே ஒரு கிதாரை வைத்து முழுக் கச்சேரியா, சலிக்காதா?

பக்கவாத்தியமே இல்லாமல் ஒருவர் வெறும் அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும்) கிதாரோடு எப்படி ஒன்றரை மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர்க்காரனான எனக்கு உடனே வீணைதான் ஞாபகம் வருகிறது. அதன் 7 தந்திகளில் 4-இல் ராகம் ஓடும். பக்கத்தில் இருக்கும் 3 தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் பார்த்துக்கொள்ளும். கிதாரில் 6 தந்திதான். கட்டைவிரல் கீழ் சுரங்களை விடாமல் நடத்த, மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். இடையே கிதாரின் மரப்பெட்டியில் விரலால் ஒரு தட்டு தட்டினால், தாளமும் வந்தாயிற்று. ஆஸ்திரேலியாவின் டாமி இம்மானுவேல் இதில் கில்லாடி. சுரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர், எல்லாம் கேள்வி ஞானம்!

கும்பகோணத்தில் ஒரு சின்ன ஹாலில் ஓர் இளைஞர் வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மைக் இல்லை. நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். தந்தியில் விரல் வழுக்கும் 'கிறீச்' கூடக் கேட்டது. பதிவுகளில் அதைத் துடைத்துவிடுகிறார்கள், அநியாயம். தவில் சத்தத்திலேயே வளர்ந்த என் மாமா, "சத்தமே இல்லடா, ஆனா எந்திரிக்க மனசு வரல" என்றார்.