‘ஸோமோஸ்’ என்றால் நாமா, நாங்களா?

ஸ்பானிஷ் பாட்டுகளில் ஊர், உறவு, அடையாளம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

கேள்வி: அக்கா, ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ‘ஸோய்’, ‘ஸோமோஸ்’ என்று வருகிறதே, ஏன்?

தமிழில் ‘நான் மதுரை’ என்றால் முடிந்தது, வினைச்சொல்லே வேண்டாம். ஸ்பானிஷில் வினை வேண்டும், அதிலும் இரண்டு உண்டு. நான் யார், எந்த ஊர்க்காரன் என்பதற்கு ‘ஸோய்’. இப்போது எங்கே இருக்கிறேன் என்பதற்கு ‘எஸ்தோய்’. நியூயார்க்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியவரும் அந்த ஊருக்கு ‘எஸ்தோய்’ போட்டுவிட்டு, தான் பிறந்த கரீபியத் தீவான புவேர்த்தோ ரிக்கோவுக்கு ‘ஸோய்’ போடுவார். பிழைக்கப் போனவர்களின் பாட்டில் பாதி, இந்த இரண்டு வினைக்கும் நடுவில்தான் கிடக்கிறது. ‘ஸோமோஸ்’ என்பது ‘ஸோய்’ உடைய பன்மை.

கேள்வி: ‘நான் இந்த ஊரும் இல்லை, அந்த ஊரும் இல்லை’ என்று ஒரு பாட்டு உண்டாமே. ரொம்ப சோகமோ?

இல்லவே இல்லை. அர்ஜென்டினாவின் ஃபகுந்தோ கப்ரால் பாடியது. வயதும் இல்லை, வருங்காலமும் இல்லை, சந்தோஷமாக இருப்பதே என் அடையாளத்தின் நிறம் என்று ஜாலியாகப் போகும். அதே சொற்றொடரை அமெரிக்காவில் வளரும் மெக்சிகோப் பிள்ளைகள் சொன்னால் மட்டும் புலம்பலாகிவிடும்.

கேள்வி: அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பாட்டு இருக்கிறதா?

லாஸ் தீக்ரெஸ் தெல் நோர்த்தே என்ற மெக்சிகோ இசைக்குழுவின் ‘தங்கக் கூண்டு’ கேளுங்கள், 1980-களில் வந்தது. பாடுபவர் உரிய ஆவணம் இல்லாமல் அமெரிக்க எல்லை தாண்டி வந்த அப்பா. பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் தவிர வெளியே தலைகாட்ட மாட்டார். நடுவில் பாட்டு நின்று பேச்சு வரும். “மெக்சிகோவுக்கே திரும்பிப் போய்விடலாமா?” என்று மகனிடம் ஸ்பானிஷில் கேட்கிறார். மகன் முடியவே முடியாது என்கிறான், அதுவும் ஆங்கிலத்தில். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். மறுத்ததுகூடப் பரவாயில்லை, எந்த மொழியில் மறுத்தான் பாருங்கள்.

கேள்வி: அதே குழுவின் ‘ஸோமோஸ் மாஸ் அமெரிக்கானோஸ்’ (இன்னும் அதிகமாக அமெரிக்கர்கள் என்று பொருள்) பாட்டை மொழிபெயர்க்கிறேன். ‘நாம்’ போடவா, ‘நாங்கள்’ போடவா?

நல்ல கேள்வி தம்பி. ஸ்பானிஷில் இந்தப் பிரிவே இல்லை, நமக்குத்தான் தலைவலி. யாரைப் பார்த்துப் பாடுகிறார் என்று கவனியுங்கள். ‘உன் ஊருக்கு ஓடு’ என்று கத்தியவர்களைப் பார்த்து. அப்படியென்றால் ‘நாங்கள்’. நான் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் என்னைத் தாண்டிப் போனது என்கிறார். 1848 உடன்படிக்கையில் மெக்சிகோ ஏறக்குறையப் பாதி நிலத்தை அமெரிக்காவிடம் விட்டது. அதுதான் சங்கதி. இன்னொன்று, ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு ‘அமெரிக்கா’ என்றால் முழுக் கண்டம். தலைப்பில் இருக்கும் குத்தல் அதுதான்.

‘நாம்’ வேண்டுமானால் சல்சா இசைக்காரர்கள் ரூபென் பிளாதெஸ், வில்லி கொலோன் இருவரும் 1978-இல் தந்த ‘பிளாஸ்திக்கோ’ பாட்டைக் கேளுங்கள். கடைசியில் பிளாதெஸ் லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூட்டம் ‘ப்ரெசென்தே’ என்று குரல் கொடுக்கும். அப்படியே நம் பள்ளிக்கூடத்து ‘உள்ளேன் ஐயா’தான்!

கேள்வி: புவேர்த்தோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி பாட்டில் ‘லெலோலாய்’ என்று வருகிறதே, அகராதியில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

தேடாதீர்கள், அதற்குப் பொருள் கிடையாது. புவேர்த்தோ ரிக்கோ மலைக் குடியானவர்கள் பாட்டில் இழுக்கும் இழுப்பு, நம் ‘தன்னானே’ மாதிரி. அமெரிக்காவோடு சேர்க்கப்பட்ட ஹவாய்க்கு நேர்ந்த கதி புவேர்த்தோ ரிக்கோவுக்கும் வரக்கூடாது என்ற 2025 பாட்டில், கொடியை விடாதே, லெலோலாயை மறக்காதே என்கிறார். புவேர்த்தோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் கையில் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது ‘தன்னானே’ என்று மாற்றிவிடாதீர்கள், லெலோலாய் என்றே இருக்கட்டும்.