மகளுக்கு ஒத்துவராத ஆபீஸ்

கேள்வி: அக்கா, பட்டர்வொர்த்தில் 19 வருடமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனம் நடத்துகிறேன். சுங்கப் பத்திரம், லாரி, கிடங்கு எல்லாம் உண்டு. 41 பேர் வேலை செய்கிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் 9 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் டாக்குமெண்ட் பார்க்கிற இளம் பெண்கள். சம்பளம் வெளியில் கொடுப்பதைவிடக் குறைவில்லை. தீபாவளிக்கு போனஸ், வருடம் ஒருமுறை லங்காவிச் சுற்றுலா. ராத்திரி பத்து மணிக்கு மேலும் வாட்ஸ்அப்பில் வேலை வரும்தான், இந்தத் தொழில் அப்படி. ஆபரேஷன்ஸ் மேனேஜர் என் மச்சினன். கொஞ்சம் வாய் அதிகம், ஆனால் பெரிய வாடிக்கையாளர்கள் அவனை நம்பித்தான் வருகிறார்கள். போன மாதம் ஒரு பெண் கே2 என்கிற சுங்க ஏற்றுமதிப் பாரத்தைத் தப்பாக நிரப்பிவிட்டு இரண்டு நாள் சொல்லாமல் மறைத்ததில் கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. மச்சினன் சத்தம் போட்டான், அவள் மறுநாளே வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லையோ? என் மூத்த மகள்கூடக் கணக்கியல் முடித்துவிட்டு நம் ஆபீசுக்கே வருகிறேன் என்றாள், இது உனக்கு ஒத்துவராது, வெளியில் பார் என்று சொல்லிவிட்டேன். ஆகவே வெளி ஆட்களைத்தான் நம்பியிருக்கிறேன். ஒரு ஆலோசகர் இரண்டு நாள் பயிலரங்கு வைத்து வேலையிடக் கலாச்சாரத்தை மாற்றித் தருகிறேன் என்கிறார். செலவு செய்யலாமா? - பெயர் வேண்டாம், பினாங்கு.

பதில்: தம்பி, பயிலரங்குக்கு அப்புறம் வருகிறேன். மகளிடம் "இது உனக்கு ஒத்துவராது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, போகிற போக்கில், ஆள் பற்றாக்குறைக்கு ஒரு விளக்கம் மாதிரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஏன் ஒத்துவராது? கணக்கியல் படித்த பெண், உங்களுக்கோ ஆள் தேவை, சொந்த நிறுவனம், காலையில் உங்கள் காரிலேயே வந்துவிடலாம், என்றைக்காவது ஒருநாள் இந்த வியாபாரத்தை யாராவது கையில் எடுக்கவும் வேண்டும். அவளாகவே வந்து கேட்டிருக்கிறாள். இத்தனை பொருத்தமும் இருந்து ஒரு அப்பா வேண்டாம் என்கிறார் என்றால், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் அர்த்தம். உங்கள் மச்சினன் அவளுக்குத் தாய்மாமன், அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அவள் திட்டு வாங்குவாள் என்று நீங்கள் பயப்படவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணை அவன் திட்டுவதை அவள் பார்ப்பாள், நீங்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தலை நிமிராமல் இருப்பதையும் பார்ப்பாள், ராத்திரி சாப்பிடும்போது "ஏம்ப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள்.

இதே கடிதத்தை வேறு வேறு ஊர்ப் பெயரோடு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். சம்பளம் கொடுக்கிறேன், போனஸ் கொடுக்கிறேன், ஆனாலும் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்று. எல்லாவற்றிலும் ஒரு "கொஞ்சம் வாய் அதிகம்" ஆள் இருப்பார், பெரும்பாலும் சொந்தக்காரர். உங்கள் கடிதம் ஒரு விதத்தில் நேர்மையானது, ஏனென்றால் உங்கள் ஆபீஸ் எப்படிப்பட்டது என்பதற்கு நீங்களே தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். சொந்த மகளை உட்கார வைக்க முடியாத நாற்காலியில் ஊரார் மகளை உட்கார வைக்கிறீர்கள். அந்தப் பெண்களுக்கும் அப்பா இருக்கிறார். பிறையிலோ சுங்கை டுவாவிலோ இருந்துகொண்டு, பிள்ளைக்கு ஒரு தமிழர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, நம்ம ஆள், பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருக்கிறவர். ஒரு வீட்டுப் பிள்ளையைக் காலை முதல் சாயங்காலம் வரை நம் பொறுப்பில் வாங்கிக்கொண்டால், அந்த நேரத்துக்கு நாம்தான் பெரியவர்கள். சம்பளம் கொடுத்துவிட்டதால் அது தீர்ந்துபோகாது. என்னுடைய நம்பிக்கை இது, வியாபாரம் தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்கிறீர்கள். ரப்பர் தோட்டத்தில் நம் பாட்டன்கள் தாங்கினார்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து வரிசையில் நின்று, கங்காணி அதட்டினால் தலையைக் குனிந்தார்கள். போக வேறு இடம் இல்லை, கையில் கடன் இருந்தது, லயத்து வீடும் தோட்டத்துடையது. 1938இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திய பிறகும் அந்த அதட்டல் மட்டும் நிற்கவில்லை, தோட்டத்தை விட்டு வந்த நம்மோடு ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கிறது. இந்தப் பெண்களிடம் டிப்ளோமா இருக்கிறது, டிகிரி இருக்கிறது, கடல் தாண்டினால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை முழுக்க வேலை இருக்கிறது. அதட்டலைத் தாங்காமல் எழுந்து போக முடிகிற முதல் தலைமுறை இது. இதற்காகத்தானே நம் அம்மாமார் ரப்பர் பால் மரம் சீவி நம்மைப் படிக்க வைத்தார்கள்? அதைக் குறை என்று சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

ஒருவர் போனால் அவரிடம் குறை இருக்கலாம். ஒன்பது பேர் போனால் இடத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ என்று பெரிய வங்கி. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்கு கட்ட வேண்டும் என்று மேலிருந்து நெருக்கினார்கள். கீழே இருந்தவர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெளியே வந்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தபோது, தப்புச் செய்த சுமார் 5,300 ஊழியர்களை நீக்கிவிட்டோம் என்றது நிர்வாகம். அத்தனை பேருமா பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள்? யாரும் அதை ஏற்கவில்லை, அடுத்த மாதமே தலைவர் பதவி விலக வேண்டியதாயிற்று. மேலே இருப்பவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் கீழே விளையும்.

சரி, அந்தக் கே2 பெண். மறைத்துவிட்டாள், மறைத்துவிட்டாள் என்கிறீர்கள். ஏன் மறைத்தாள் என்று யாராவது கேட்டீர்களா? ஏற்றுமதிப் பத்திரத்தில் ஒரு தப்பு விழுவது உங்கள் தொழிலில் புதிதில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் திருத்த மனுக் கொடுத்து, கப்பல் ஏஜெண்டைக் கூப்பிட்டு, என்னவாவது செய்திருக்கலாம். அவள் சொல்லவில்லை, ஏனென்றால் இதற்கு முன்னால் சொன்னவளுக்கு என்ன நடந்தது என்று அவள் பார்த்திருப்பாள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கிற வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, நடந்ததை நர்சுகள் பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். பயந்த வார்டுகளில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது, தவறு நோயாளியின் உடம்புக்குள் இருந்தது. உங்கள் ஆபீசில் இப்போது இந்த நிமிடம் எத்தனை பாரம் யாருடைய இழுப்பறையில் கிடக்கிறதோ, அதை உங்களிடம் வந்து சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் கண்டெய்னருக்கான நஷ்டத்தை மச்சினன் சத்தத்தின் கணக்கில் எழுதுங்கள்.

சுவரில் என்ன எழுதி மாட்டினாலும் ஊழியர்கள் அதைப் படிப்பதில்லை, முதலாளியைத்தான் படிக்கிறார்கள். எட்கர் ஷைன் என்ற பேராசிரியர், 2023இல்தான் காலமானார், நிறுவனக் கலாச்சாரத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், இதைத்தான் சொன்னார். தலைவர் எதைக் கவனிக்கிறார், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார், யாரை உயர்த்துகிறார், யாரை விட்டுவிடுகிறார் என்பதைப் பார்த்துத்தான் அந்த இடத்தின் பழக்கம் உருவாகிறது என்று. உங்கள் ஆபீசில் கண்டெய்னர் போனது கவனிக்கப்பட்டது. ஒரு பெண் அழுதுகொண்டு போனது கவனிக்கப்படவில்லை. மற்ற நாற்பது பேரும் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள்.

நம் மலேசியச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அதற்கு மேல் செய்வதெல்லாம் ஓ.டி., தனியாகப் பணம் கொடுக்க வேண்டிய கூடுதல் நேர வேலை. ராத்திரி பத்து மணி வாட்ஸ்அப் வேலைக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான், நாளைக்குப் போய் உங்கள் சுவரைப் பாருங்கள். இருக்க முடியாதபடி நடத்தி ஒருவரைத் தானாகப் போக வைத்தால் அதையும் வேலைநீக்கம் என்று தொழில் நீதிமன்றம் ஏற்கலாம். முறையிட 60 நாள் அவகாசம். போன மாதம் போன பெண்ணுக்கு அது இன்னும் முடியவில்லை.

ஆனால் வழக்குக்குப் பயந்து ஒன்றும் செய்யாதீர்கள். உங்கள் மகள் முகத்துக்காகச் செய்யுங்கள்.

பயிலரங்கு இப்போது வேண்டாம். நீங்கள் மாறாமல் ஊழியர்களை இரண்டு நாள் ஹோட்டலில் உட்கார வைத்து மரியாதையைப் பற்றிப் பேச வைத்தால், மிச்சம் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். அந்தப் பணத்தில் முதலில், போன ஒன்பது பேருக்கும் பாக்கி ஓ.டி., லீவுப் பணம் ஏதாவது இருந்தால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். அந்தக் கே2 பெண்ணை நீங்களே கூப்பிடுங்கள், எச்.ஆர். மூலமாக வேண்டாம். அவள் அப்பா எடுத்தால் அவரிடமே பேசுங்கள். திரும்பி வரச்சொல்லிக் கேட்காதீர்கள், வர மாட்டாள். என்ன நடந்தது என்று கேளுங்கள், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசி வரை கேளுங்கள்.

அப்புறம் மச்சினன். அவனை நீக்கச் சொல்லவில்லை. 19 வருட வியாபாரத்தில் அவன் உழைப்பும் இருக்கிறது, சொந்தத்தைக் கை கழுவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவனுக்கு நீங்கள் பட்ட கடனை உங்கள் பணத்தில் அடைத்துவிடுங்கள், ஊரார் பிள்ளைகளின் மானத்தில் அடைக்காதீர்கள். வாடிக்கையாளர்களோடு பேசத் தெரிந்தவன் என்றால் அவர்களோடு மட்டும் பேசட்டும், சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். டாக்குமெண்ட் பகுதியை அவனிடமிருந்து எடுத்து, அங்கேயே பல வருடமாக இருக்கிற யாராவது ஒரு பெண்ணிடம் கொடுங்கள், நிச்சயம் ஒருத்தி இருப்பாள், புதிதாக வருகிறவர்களுக்கு இவ்வளவு நாளும் வேலை சொல்லிக் கொடுத்தவள் அவளாகத்தான் இருக்கும். இதற்கு மேலும் ஒரு பெண்ணிடம் சத்தம் போட்டால் அவன் நாற்காலி இருக்காது என்பதைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் அவனை அவமானப்படுத்தாதீர்கள், அவனுக்கும் அந்த மரியாதை உண்டு.

அவனிடம் பேசுவதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் பேசிவிடுங்கள். அவர் தம்பி விஷயம், அவன் வாயால் அவர் முதலில் கேள்விப்படக் கூடாது. மாமியார் போன் போடுவார், தீபாவளிக்கு யார் வருவது வராதது என்று பேச்சு கிளம்பும், அதையெல்லாம் உங்கள் மனைவிதான் தாங்க வேண்டியிருக்கும். பேசும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவளை ஏன் வர வேண்டாம் என்றீர்கள் என்பதை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.