மலைக்குப் போகும் கழிப்பறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போர்ட்டபிள் டாய்லெட் பற்றிச் சென்ற முறை நாலு வரி எழுதியதற்குத் தபாலில் ஒரு கட்டே வந்துவிட்டது. ஏற்காட்டில் கூடாரம் போடும் ஆசை சேலத்தில் இத்தனை பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கக்கூஸ் என்று எழுதக் கூச்சப்பட்டு 'அந்தச் சாதனம்' என்றே இரண்டு பக்கம் எழுதியவர்களும் உண்டு. கூச்சத்தை அடிவாரத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

தொட்டி 20 லிட்டர், 50 முறை பயன்படுத்தலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நாங்கள் நாலு பேர், இரண்டு இரவு. போதுமா? (அஸ்தம்பட்டி)

போதாது. அந்த 50 காகிதத்தால் துடைப்பவர்களின் கணக்கு. நாம் கால் கழுவுகிறவர்கள். ஒரு செம்பு தண்ணீர் போனாலே முக்கால் லிட்டர், அதன் மேல் பம்ப் அடிக்கும் நீர். ஒரு முறைக்கு ஒன்றரை லிட்டர் என்று வையுங்கள், பதின்மூன்று முறையில் தொட்டி நிரம்பிவிடும். மூடியில் துளையிட்ட அரை லிட்டர் பாட்டிலை வைத்துக் கழுவினால் 200 மில்லியில் வேலை முடியும். அப்படிச் சிக்கனமாக இருந்தால் நாலு பேருக்கு ஓர் இரவு தாங்கும். இரண்டாம் நாள் காலை கொட்டியாக வேண்டும். எங்கே கொட்டுவீர்கள்? அதை முடிவு செய்த பிறகு கடைக்குப் போங்கள். வேறு பதில்களிலும் இதையே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த டாய்லெட் சிறந்தது? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை)

எத்தனை பேர், எத்தனை இரவு, கூடாரம்வரை கார் வருமா, யாருக்காவது முழங்கால் வலியா என்று எதையும் எழுதாமல் 'உடனே' என்று மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். கார் பக்கத்தில் நிற்குமானால் மேலே நல்ல தண்ணீரும் கீழே கழிவும் தனித்தனியாக இருக்கும் இரட்டைத் தொட்டி வகை. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமென்றால் அதை மறந்துவிடுங்கள், நிரம்பிய 20 லிட்டர் தொட்டி தன் எடையோடு இருபத்தைந்து கிலோவை நெருங்கும். பை மாட்டும் மடக்கு நாற்காலியை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பை கடைசியில் ஒரு தூய்மைப் பணியாளரின் கையில்தான் போய் விழும்.

சிறுநீரைக் கெட்டியாக்கும் பொடி விலை அதிகம். எங்கள் ஆலையிலேயே மரவள்ளி ஸ்டார்ச் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதைப் போடலாமா? (ஆத்தூர் பக்கம்)

சேலத்துக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி, ரசித்தேன். ஆனால் பலிக்காது. ஸ்டார்ச் கஞ்சியாக இறுக வேண்டுமானால் 65, 70 டிகிரிச் சூடு வேண்டும். குளிர்ந்த நீரில் அடியில் மாவாகத் தங்கும், பிறகு புளிக்கும். கடையில் விற்கும் பொடி குழந்தைகளின் டயபருக்குள் இருக்கும் அதே பாலிமர். சூடில்லாமலே நீரை இழுத்துப் பிடிக்கும். விலை உறுத்தினால் காய்ந்த தென்னை நார்க்கழிவை ஒவ்வொரு முறையும் இரண்டு கை தூவுங்கள். கெட்டியாகாது, வாடை அடங்கும்.

கொண்டை ஊசி வளைவுகளில் தொட்டி சிந்துமா? (சூரமங்கலம்)

நிமிர்த்தி வைத்துப் பட்டையால் கட்டினால், முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாவிட்டால், சிந்தாது. ஆபத்து வளைவில் இல்லை, உயரத்தில். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500. மேலே போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. கீழே இறுக்கி மூடிய தொட்டிக்குள் இருப்பதோ சேலத்துக் காற்று. முதல் தடவை இருபது வளைவும் ஏறி முடித்த கையோடு, குனிந்தபடி, இருக்கைக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டைச் சடாரென்று இழுத்தேன். புஸ்ஸென்ற சத்தத்தோடு, வாடையை அடக்கத் தொட்டியில் ஊற்றும் நீல மருந்துத் தண்ணீர் மூக்குக்கண்ணாடிவரை வந்தது. நல்ல வேளை, தொட்டியில் மருந்தைத் தவிர இன்னும் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. இருக்கை மூடியை மூடிக்கொண்டு தகட்டை ஒரு விரற்கடை மட்டும் இழுத்துக் காற்றை வெளியேற்றுங்கள், பிறகு உட்காருங்கள். தகட்டின் ரப்பருக்குச் சிலிகான் எண்ணெய் தடவுங்கள், வாசலீனும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

எஸ்டேட்டில் கூடாரம் போட்டோம். அங்கே வேலை செய்யும் பெரியவர் 200 ரூபாய் கொடுத்தால் தொட்டியை ஓடைப்பக்கம் கொட்டிக் கழுவித் தருகிறேன் என்கிறார். மிகவும் வசதியாக இருக்கிறது. மற்ற வாசகர்களுக்கும் சொல்லலாமே? (ஃபேர்லேண்ட்ஸ்)

சொல்கிறேன், வேறு விதமாக.

முதலில் ஓடை. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை மலையிலேயே நின்றுவிடுவதில்லை. ஏற்காடு ஏரி நிரம்பினால் கிளியூர் அருவிக்குப் போகிறது. திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறந்து சேலம் நகருக்குள்ளேயே ஓடுகிறது. ஊருக்குள் அது இருக்கும் நிலையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் தாண்டுகிற நாம், வார விடுமுறையில் மலையேறிப் போய் அதன் தலைமாட்டிலேயே தொட்டியைக் கவிழ்க்கிறோம். நடுவில் ஓடைத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு கொண்டுபோகிற வீடுகள் இருக்கின்றன. தொட்டியில் நீங்கள் ஊற்றிய மருந்தும் அதே தண்ணீரில்தான் போகிறது.

இரண்டாவது அந்தப் பெரியவர். உங்கள் மலத்தை நீங்கள் தொட மாட்டீர்கள், அவர் தொடுவார், அதற்கு விலை 200 ரூபாய். இதற்கு வசதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அள்ளச் செய்வதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது, 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அதன் வாசகம் உங்கள் பிளாஸ்டிக் தொட்டிக்குப் பொருந்துமா என்று வாதாட நான் வக்கீல் இல்லை. அந்த வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பது உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். அவராகத்தான் கேட்டார் என்ற சமாதானம் வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொட்டியை மூடி, காரில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கையுறை போடுங்கள். ஊற்றும் குழாயை வெளிப்பக்கம் திருப்பி, காற்று விடும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி உங்கள் வீட்டுக் கழிப்பறையில் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். பொத்தானை அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, இன்னொரு முறையும் ஊற்றுங்கள். பத்து நிமிட வேலை. வழியில் விடுதியிலோ கட்டணக் கழிப்பறையிலோ கொட்டுவதானால் கேட்டுவிட்டுக் கொட்டுங்கள். இது முடியாது என்றால் அறை எடுத்துத் தங்குங்கள், ஏற்காட்டில் அறைக்கா பஞ்சம்?

மக்கும் பையில் கட்டிக் காபித் தோட்டத்தில் புதைக்கலாமா? (ஓமலூர்)

கூடாது. மக்கும் பைகளில் பெரும்பாலானவை உரக்கூடத்தில் 60 டிகிரிச் சூட்டில் மக்குபவை, மலைக் குளிரில் அப்படியே கிடக்கும். அதற்குள் காட்டுப்பன்றி தோண்டிவிடும். பையே இல்லாமல் நடந்து போகிறவர்கள் ஓடையிலிருந்து 200 அடி தள்ளி, முக்கால் சாண் ஆழத்துக்குக் குழி பறித்து மூடட்டும். தோட்டமானால் உரிமையாளரிடமும் காடானால் வனத்துறையிடமும் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பதையும் எத்தனை முறை எழுதுவது?

மருந்துக்குப் பதில் பிளீச்சிங் பவுடரும் கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றினால் சுத்தமாக இருக்குமே? (அம்மாபேட்டை)

ஐயா, இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு சேர்ந்தாலே கண்ணும் தொண்டையும் எரியும், அதுவும் ஜிப் போட்ட சின்னக் கூடாரத்துக்குள். தயவுசெய்து வேண்டாம். ஃபார்மால்டிஹைடு இல்லாத மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். ஃபார்மால்டிஹைடு கலந்தது உங்கள் வீட்டு செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லும். கொட்டுமிடம் தெரிந்த பிறகு மருந்தைத் தேர்ந்தெடுங்கள் என்றும் இதைப் படித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்குக் குந்தி உட்கார்ந்துதான் பழக்கம். இதன் மேல் ஏறிக் குந்தலாமா? (மேட்டூர்)

உடையும். அவரும் விழுவார். உயரம் குறைந்த, சுமார் ஒரு அடி உள்ள மாடலை வாங்கி, உட்காரும்போது பாதத்துக்குக் கீழே ஒரு மணைப் பலகை வையுங்கள். பிடித்து எழுவதற்குப் பக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று இருக்கட்டும்.

இரவில் கழிப்பறைக் கூடாரத்துக்குள் என்ன விளக்கு வைப்பது? என் மனைவி வர மறுக்கிறார். (அழகாபுரம்)

அவர் மறுப்பது நியாயம். ஆளுக்குப் பின்னால் விளக்கை வைத்தால் முன்பக்கத் துணி திரையாகிவிடும், எதிரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிழற்கூத்து. விளக்கை வெளியே, கூடாரத்துக்கு ஐந்தாறு அடி முன்னால் கொம்பில் மாட்டுங்கள். உள்ளே கசிகிற வெளிச்சம் போதும்.