மிஷிகனா, ஏதென்ஸா?

கேள்வி: என் மகள் 2026 ஆகஸ்டில் கல்லூரியில் சேரவேண்டும். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. முதலில் உயிரியல் படிக்கப்போகிறாள். ஏதென்ஸில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மாநில அரசின் ஜெல் மில்லர் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது; அது போக ஆண்டுக்கு 18 ஆயிரம் டாலர் எங்கள் செலவு. ஆன் ஆர்பரில் மிஷிகன் பல்கலைக்கழகமும் அழைத்திருக்கிறது. அங்கே எல்லாம் சேர்த்து 80 ஆயிரம், உதவித்தொகை எதுவும் இல்லை. அவள் மனம் மிஷிகனில்தான். 529 என்கிற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் 90 ஆயிரம் சேர்த்திருக்கிறோம். அவள் தம்பி ஒன்பதாம் வகுப்பு. "ஒரு வருஷம் அங்கே இருந்துவிட்டால் அந்த மாநிலத்துக்காரர்களுக்கான குறைந்த கட்டணம் ஆகிவிடும்" என்று என் கணவரிடம் நண்பர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: சகோதரி, அந்த நண்பர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். அதே பேச்சை நம்பித்தான் 2014-இல் என் பிள்ளையை வேறொரு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். முதல் வருஷம் முடிந்ததும் நீல நிற ஃபைல் ஒன்றில் வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் அடுக்கி விண்ணப்பித்தான். ஒரே பக்கத்தில் பதில் வந்தது: வருமான வரியில் பெற்றோரைச் சார்ந்தவர், படிக்க வந்தவர், மறுக்கப்படுகிறது. பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு, பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்களோ அதுதான் சொந்த மாநிலம். கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும் இதுதான் விதி. மிச்ச மூன்று வருஷத்துக்கு வீட்டின் மேல் கடன் வாங்கினோம். அது போன வருஷம்தான் அடைந்தது.

இப்போது உங்கள் கணக்கு. ஏதென்ஸ் நான்கு வருஷம் 72 ஆயிரம். உங்கள் 529-லேயே முடிந்து 18 ஆயிரம் மிஞ்சும். மிஷிகன் 3 லட்சத்து 20 ஆயிரம். அதுவும் குறைந்தபட்சம்தான், ஏனென்றால் அங்கே மூன்றாம், நான்காம் ஆண்டுக் கட்டணம் முதலிரண்டு ஆண்டுகளைவிடக் கூடுதல். சேமிப்பு போக 2 லட்சத்து 30 ஆயிரம் துண்டு விழும். மகள் பெயரில் மத்திய அரசு தரும் கடன் நான்கு வருஷத்துக்கும் சேர்த்து 27 ஆயிரம். பெற்றோர் பெயரில் மத்திய அரசிடம் வாங்கும் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் உச்சவரம்பு வருகிறது: ஆண்டுக்கு 20 ஆயிரம், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65 ஆயிரம். இரண்டையும் முழுக்க வாங்கினாலும் இன்னும் 1 லட்சத்து 38 ஆயிரம் வேண்டும். அது தனியார் கடனாகவோ உங்கள் சம்பளத்திலிருந்தோதான் வரவேண்டும். அந்த நேரத்தில் தம்பியும் கல்லூரி வாசலில் நிற்பான்.

மிஷிகன் அருமையான பல்கலைக்கழகம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே மலிவாகப் படிக்க வழி இருப்பது அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. உங்கள் மகளுக்கு அதே சலுகையை உங்கள் மாநிலம் தருகிறது. 1993 முதல் லாட்டரிப் பணத்தில் ஜார்ஜியா நடத்தும் ஹோப் திட்டத்தின் மேல்படிதான் ஜெல் மில்லர். பள்ளியில் நான்குக்கு 3.7 மதிப்பெண் சராசரியும் எஸ்ஏடி என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1200-உம் கேட்கிற உதவி அது. அவள் உழைத்துச் சம்பாதித்தது என்று அவளிடம் சொல்லுங்கள். கல்லூரியில் 3.3 சராசரி காக்கவேண்டும். வேதியியலில் சறுக்கி அதற்குக் கீழே போனாலும், 3.0 வரை ஹோப் கைகொடுக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை மருத்துவக் கல்லூரி. அவளுடைய பெரிய செலவே அங்கேதான் தொடங்கும். 2026 ஜூலை முதல் புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் என்று நின்றுவிடும். மீதிச் செலவுக்கு முன்பு கைகொடுத்த, மேற்படிப்புக்கான மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் புதிதாக வருபவர்களுக்குக் கிடையாது. நான்கு வருஷம் கழித்து அந்த வாசலில் அவள் கடனில்லாமல் நிற்பதா, தலையில் சுமையோடு நிற்பதா? அகஸ்டாவில் உள்ள ஜார்ஜியா மருத்துவக் கல்லூரி தன் இடங்களில் பெரும்பாலானவற்றை ஜார்ஜியாக்காரர்களுக்கே தருகிறது, அதையும் மனதில் வையுங்கள்.

நான் ஏதென்ஸ் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் இந்த வாரமே மிஷிகனின் நிதியுதவி அலுவலகத்துக்கு அவளையே ஃபோன் செய்யச் சொல்லுங்கள். ஏதாவது தரமுடியுமா என்று அவள் வாயாலேயே கேட்கட்டும். பிறகு சாப்பாட்டு மேஜையில் இந்த எண்களைத் தாளில் எழுதி, கூட்டலை அவளையே போடச் சொல்லுங்கள். என் பிள்ளையிடம் நான் அதைச் செய்யவில்லை. கடன் எவ்வளவு என்பதே அவனுக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டான்.

மே 1-க்குள் முடிவு சொல்லவேண்டும். அவள் என்ன முடிவெடுத்தாள் என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.