பல் வேலை முடிந்தும் வலி போகவில்லையா? கேள்வி பதில்

வாய் மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் பல் மருத்துவர் நான். "பிடுங்கியாச்சு, ரூட் கெனால் பண்ணியாச்சு, வலி மட்டும் போகல" என்ற ரகத்தில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எழுத்தில் படித்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பக்கம் தேடலாம் என்று மட்டும் சொல்லலாம்.

திருச்சி வாசகி: மேல் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்து கேப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது டாக்டர். நாள் முழுக்க ஒரு எரிச்சல் கலந்த வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். பேசாமல் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். பிடுங்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். பல்லில்தான் கோளாறு என்று முதலில் உறுதியாகட்டும்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்றுதான். ஆனால் பலருக்கு உள்ளே நாலாவதாக ஒரு கால்வாய் இருக்கும். கன்னத்துப் பக்க முன்வேரில் ஒளிந்திருக்கும் அது விட்டுப்போவது சகஜம். சாதாரண எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவதால் தெரியாது. பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம். அடுத்தது விரிசல். கடிக்கும்போது வலிப்பதைவிடக் கடித்ததை விடும்போது சுரீரென்று வலித்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். கேப் ஒரு நூல் உயரமாக இருந்தாலும் வலி நீடிக்கும். கலர் பேப்பரைக் கடிக்க வைத்துப் பார்த்தால் அழுத்தமான புள்ளி விழும், அதைத் தேய்த்துவிட்டால் போதும்.

இதெல்லாம் இல்லை என்றால், உங்கள் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பல்லுக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், வலியின் ஊற்று பெரும்பாலும் அந்தப் பல்லில் இல்லை. (ஊசியில் வலி அடங்கினால் பல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நரம்பு வலியும் சிலருக்கு ஊசியில் குறையும்.)

முகத்துக்கும் பல்லுக்கும் உணர்வு தரும் ஐந்தாம் நரம்பின் சிறு கிளைகள் பல்லின் வேருக்குள் வரை போகின்றன. ரூட் கெனாலில் அவற்றை வெட்டித்தான் எடுக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது ஆறிவிடும். நூற்றில் சிலருக்கு மட்டும் நரம்பு அமைதியாவதில்லை. 2020இல் வந்த சர்வதேச முகவலி வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, பரிசோதனையில் பல்லிலோ ஈறிலோ ஒரு காரணமும் தெரியாது. இதைப் பல் என்று நினைத்துப் பிடுங்கினால், வலி குழியில் தங்கும், இல்லையென்றால் பக்கத்துப் பல்லுக்கு மாறும். ஒன்றன்பின் ஒன்றாக நாலு பல் இழந்து வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

மருந்து உண்டு. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை இரவில் 10 மில்லிகிராம் அளவில் தொடங்குவது வழக்கம். கூகுளில் தேடினால் "மனச்சோர்வு மாத்திரை" என்று வரும். அதைப் பார்த்துப் பயந்து தூக்கிப் போடுபவர்கள் அதிகம். இந்தச் சிறிய அளவில் அது நரம்பு வலிக்காகத் தரப்படுகிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், வாய் உலரும், காலையில் தூக்கம் தள்ளும். இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர்த் தடை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

சேலம்: அம்மாவுக்கு 58 வயது. முகம் கழுவினால், பல் தேய்த்தால் வலது கன்னத்தில் ஷாக் அடித்த மாதிரி வலி. சில நொடிதான், ஆனால் அழுதுவிடுகிறார். இரண்டு பல் எடுத்தும் பயனில்லை.

மூன்றாவது பல்லைத் தொட விடாதீர்கள். நீங்கள் சொல்வது டிரைஜெமினல் நியூரால்ஜியா (மேலே சொன்ன ஐந்தாம் நரம்பின் வலி) மாதிரி இருக்கிறது. ஒரு நொடி முதல் இரண்டு நிமிடம் வரை மின்னல் போல வெட்டும். தொடுதல், மெல்லுதல், குளிர்காற்று எல்லாம் கிளப்பிவிடும். இந்த வலிக்காரர்களில் சிலர் பைக்கில் போகும்போது கன்னத்தில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டே போவார்கள். பலருக்கு, மூளைத்தண்டின் அருகே ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்துவதுதான் காரணம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

பாராசிட்டமால் இதில் எடுபடாது. 1960களிலிருந்து முதல் மருந்து கார்பமாஸிபைன்தான். நம் ஆசிய மக்களில் சிலருக்கு இருக்கும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணுக்கூறால் கடுமையான தோல் ஒவ்வாமை வரக்கூடும். அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தொடங்கும் முன் கேளுங்கள். தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவமனை. சோடியம் அளவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மருந்து போதாவிட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.

யாழ்ப்பாணம்: கீழ்க் கொடுப்பில் ஞானப்பல் கழற்றி மூன்று மாதமாகிறது வைத்தியர். நாக்கின் ஒரு பக்கம் இன்னும் விறைப்பு. ருசியும் சரியில்லை.

நாக்கு நரம்பு அந்தப் பல்லின் உள்பக்கத்தை ஒட்டியே ஓடுகிறது. இழுபட்டிருந்தால் வாரங்களில், மாதங்களில் தானாகத் திரும்பும். ஊசி குத்தும் உணர்வு வருவது பெரும்பாலும் நல்ல அறிகுறி. பஞ்சுத் திரியால் தொட்டு, உணர்வில்லாத இடத்தை மாதம் ஒருமுறை வரைந்து வையுங்கள். இடம் சுருங்கினால் காத்திருக்கலாம். மூன்று மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இனித் தள்ளிப்போடாதீர்கள், பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். தைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் தாமதம் நல்லதல்ல.

மதுரை: பல் எடுத்து மூன்று நாள். முதல் நாளைவிட இன்றுதான் வலி அதிகம். காது வரை இழுக்கிறது, நாற்றமும்.

ரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது போல. டிரை சாக்கெட் என்போம். போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே தணியும், பத்து நாளில் ஆறும். ஆன்டிபயாடிக் பொதுவாகத் தேவையில்லை. சிகரெட் வேண்டாம். நாக்குக்கு அடியில் வீங்கி விழுங்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம்: உடனே அவசரப் பிரிவு.

கோவை: நேற்று காலை கீழ்த்தாடையில் இம்பிளான்ட் வைத்தார்கள். உதடு இன்னும் மரத்தே இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் டாக்டருக்கு போன் செய்யுங்கள். ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போயிருக்க வேண்டும். எலும்பில் பதித்த அந்தச் செயற்கை வேர், உதட்டுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேனில் பார்த்து, அழுத்தினால் முதல் ஒன்றரை நாளுக்குள் கழற்றுவதே நல்லது. "பார்க்கலாம், சரியாகிவிடும்" என்பது இங்கே உதவாது.

தஞ்சாவூர்: ஃபில்லிங்குக்கு ஊசி போட்ட பிறகு வாயை இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிகிறது.

ஊசி பட்ட தாடைத் தசை இறுகியிருக்கலாம். வெந்நீர் ஒத்தடம், மென்மையான சாப்பாடு, மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி. காய்ச்சலோ வீக்கமோ இருந்தால் காட்டுங்கள். பாக்குப் போடும் பழக்கம் உண்டா? காரம் பட்டால் எரிச்சலும் இருந்தால், பழி ஊசியின் மேல் இல்லாமலும் இருக்கலாம். பாக்கு வாயை உள்ளுக்குள் இறுக்கிவிடும்.

நெல்லை: அப்பாவுக்குக் கட்டுப்பல் வைத்த பிறகு மாடி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது. உட்கார்ந்தால் போய்விடுகிறது.

பல் செட்டை விடுங்கள். இன்றே ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரைப் பாருங்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் தாடை வலி, இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ வியர்த்தாலோ நேராக 108.

சென்னை: மூன்று டாக்டர் பார்த்தாச்சு. எல்லாம் நார்மல், டென்ஷன்தான் என்கிறார்கள். நான் கற்பனையா செய்கிறேன்?

இல்லை. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்ட காலிங் பெல் வாசலில் ஆள் இல்லாமலே அடிக்கும், சத்தம் நிஜம்தான். கவலையும் தூக்கமின்மையும் அந்தச் சத்தத்தைக் கூட்டும், அது உண்மை. ஆனால் அதையே காரணமாகச் சொல்லி அனுப்பிவிடுவது சோம்பேறித்தனம்.

அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வாய் மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். "வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், குத்தலா, எரிச்சலா, ஷாக்கா, எத்தனை நேரம், எது கிளப்புகிறது, தூக்கத்தில் எழுப்புகிறதா என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போங்கள். கன்னம் மரத்துக்கொண்டே போவது, ஆறாத புண், எடை குறைவது இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல் வேலைக்கு முன்னால் எடுத்தது கிடைத்தால், எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.